பலவீனர் யார்? பலவீனமாக்கியவர் யார்?

ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் தேதி வந்துவிட்டால் போதும், மனித உரிமைப் பேச்சு நாடெங்கும் முழங்கத் தொடங்கிவிடுகிறது. 1948ஆம் ஆண்டு இதே தேதியில்தான் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதை நினைவுகூர்ந்து அதிகாரிகள் எழுந்து நின்று உறுதிமொழி வாசிக்கிறார்கள். மேடையிலே மாலை, சால்வை எல்லாம் தடபுடலாக நடக்கிறது. பிறகு ஒரு பெரிய மனிதர் எழுந்து ஜாபிதா ஒன்றை எடுத்துப் படிக்கிறார்.

"மனித உரிமை மீறலுக்கு எளிதில் ஆளாகக்கூடிய பலவீனமான பிரிவினர் யார் யார்? பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள், மலைவாழ் மக்கள், தாழ்த்தப்பட்டோர், சிறுபான்மையோர், வெளியூர் சென்று பிழைக்கும் தொழிலாளர்கள்…"

ஜாபிதா முடிகிறது. கைதட்டல் எழுகிறது. டீயும் பிஸ்கட்டும் வருகின்றன. கூட்டம் கலைகிறது.

இந்த ஜாபிதாவில் பொய் ஒன்றும் இல்லை, தோழர்களே. ஒவ்வொரு பெயரும் உண்மைதான். ஆனால் அதில் அடிபட்டவன் பெயர் இருக்கிறதே தவிர, அடித்தவன் பெயர் எங்கே? மிதிபட்டவளின் ஜாதி எழுதப்பட்டிருக்கிறது, மிதித்தவனின் உத்தியோகம் எழுதப்பட்டிருக்கிறதா? "பலவீனமான பிரிவினர்" என்கிறார்களே, இந்தப் பலவீனம் என்ன, தாய் வயிற்றிலிருந்து கொண்டு வந்த கோளாறா? குட்டையாகப் பிறந்தவன், நெட்டையாகப் பிறந்தவன் என்பதுபோல, உதைபடுவதற்கென்றே பிறந்தவன் என்று ஒருவன் உண்டா?

பிறவிக் கோளாறு என்று சொல்லிவிட்டால் பரிதாபப்பட்டால் போதும். இல்லை, யாரோ செய்த வேலை என்று சொன்னால், செய்தவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும். பெரிய மனிதர்கள் முதல் வழியை ஏன் விரும்புகிறார்கள் என்பது விளங்குகிறதல்லவா?

மாரண்டஹள்ளியில் ஒரு காலைப்பொழுது

மேடையை விட்டு இறங்கி மாரண்டஹள்ளிக்கு வாருங்கள். விடிவதற்கு முன்பே பஸ் நிலையத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போகிறவர்கள் தூக்கு வாளியும் பையுமாக நிற்கிறார்கள். ஒசூர் கம்பெனிகளுக்குக் காண்டிராக்டில் போகும் வாலிபர்கள் ஒருபுறம். தக்காளி பறிக்கப் போகும் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சரக்கு வண்டியில் ஏறுகிறார்கள். பாலக்கோட்டு சர்க்கரை ஆலை அரைக்கும் பருவத்திலே கரும்பு வெட்டும் கூட்டம் குடும்பத்தோடு தோட்டத்தில் குடிசை போடுகிறது. பஞ்சப்பள்ளி அணைத் தண்ணீர் பாயும் வயலில் நாற்று நடுகிறவளுக்கு அந்த வயலில் ஒரு சாண் சொந்தம் கிடையாது.

இவர்களில் யாரையாவது நிறுத்தி, "நீங்கள் எளிதில் பாதிக்கப்படும் பிரிவினரா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். "எங்களுக்கு என்ன குறை? கை கால் நன்றாகத்தானே இருக்கிறது!" என்பார்கள். நாற்பது கிலோ கூடையைத் தலையில் ஏற்றுகிறவளா பலவீனம்?

ஆகவே அந்த ஜாபிதாவை மடித்து வைத்துவிட்டு, நான்கே நான்கு கேள்விகள் கேட்போம்.

ஒன்று: நீ குடியிருக்கும் மண்ணுக்கும் உழும் மண்ணுக்கும் உன் பெயரில் பட்டா உண்டா?

இரண்டு: நீ வேலை செய்தாய், இவ்வளவு கூலி உனக்குச் சேர வேண்டும் என்று சொல்லும் காகிதம் ஏதாவது உன் கையில் உண்டா?

மூன்று: நீ போலீஸ் நிலையத்தின் படியேறி நடந்ததைச் சொன்னால், எழுதிக்கொள்வார்களா, அல்லது உன்னையே உட்கார வைத்துவிடுவார்களா?

நான்கு: உன்மேல் ஒரு கை விழுந்தால், "ஏன்?" என்று கேட்டுக்கொண்டு உன் பின்னால் எத்தனை பேர் வருவார்கள்?

நான்குக்கும் "இல்லை" என்று பதில் வருமானால், அவன் எந்த ஜாதியாகட்டும், எந்த மதமாகட்டும், எந்த மொழி பேசட்டும், அவன்மேல் எவனும் எதையும் செய்துவிட்டுப் போகலாம். நிலம் கிடைக்காமல் செய்தது யார்? காகிதம் கொடுக்காமல் ஏய்த்தது யார்? போலீஸ் நிலையத்தில் நாற்காலியை யாருக்குப் போட்டார்கள்? பலவீனத்தின் பிறப்பிடம் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

வாச்சாத்தி சொல்லும் சாட்சி

வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தருமபுரி மாவட்டத்திலேயே, சித்தேரி மலையடிவாரத்தில், அன்றைய அரூர் தாலுகாவைச் சேர்ந்த வாச்சாத்தி இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்னும் மலைவாழ் மக்கள்.

1992 ஜூன் 20ஆம் தேதி. சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆகிய மூன்று இலாக்காக்களின் ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் மக்களை இழுத்து வந்து ஆலமரத்தடியில் உட்கார வைத்து அடித்தார்கள். 18 பெண்களைத் தனியே கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். தானியத்தைக் கொட்டி நாசம் செய்தார்கள். ஆடு, கோழிகளை அடித்துத் தின்றார்கள். கிணற்றுத் தண்ணீரையும் குடிக்க முடியாமல் பாழாக்கினார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள் உள்பட 133 பேரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சேலம் சிறையில் அடைத்தார்கள். குற்றவாளிகளைத் தேடி வந்தவர்கள் 28 குழந்தைகளைக் கைது செய்துகொண்டு போனார்கள். என்னே இவர்களின் வீரம்!

நம்முடைய நான்கு கேள்விகளையும் வாச்சாத்தியிடம் கேளுங்கள். காட்டையே நம்பி வாழ்ந்த ஜனங்களுக்குக் காட்டில் உரிமை இல்லை, அதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. கூலிக்கு மரம் வெட்டியதற்கு எவனும் ரசீது கொடுக்கவில்லை. புகார் கொடுக்கப் போலீசிடம் போகலாமென்றால், வந்து அடித்ததே போலீஸ். நகரத்துக்கு ஓடிச் சொல்லலாமென்றால், மலைமேல் ஒளிந்திருந்தவர்களின் குரல் யார் காதில் விழும்?

அதிகார வர்க்கம் அன்றைக்குச் சொன்ன பதில் என்ன? "அவர்கள் கடத்தல்காரர்கள்!" வாச்சாத்திக்காரன் வெட்டிய சந்தனக்கட்டையை வாச்சாத்தியிலா விற்றான்? அதை வாங்கியவன் யார், லாரியில் ஏற்றியவன் யார், சோதனைச் சாவடியைக் கடக்க விட்டவன் யார், லட்சக் கணக்கில் சம்பாதித்தவன் யார்? அந்த மாளிகைகளின் வாசலுக்கு 269 பேர் கொண்ட படை போனதுண்டா? கோடாரி பிடித்த கூலிக்காரனின் குடிசைக்குத்தான் போனது.

ஆனால் வாச்சாத்தியின் கதை அங்கே முடியவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று மார்க்சிஸ்ட் கட்சியின் தமிழ் மாநிலச் செயலாளராக இருந்த தோழர் ஏ. நல்லசிவன் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கமிஷனின் தென் மண்டல அதிகாரி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்தார்கள். அதிகாரிகளை நேருக்கு நேர் அடையாளம் காட்டினார்கள். மிரட்டலுக்கு மசியவில்லை.

2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள்! அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை. அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள். மேல்முறையீடு செய்தார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும், அன்றைக்கு இருந்த கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, மாவட்ட வன அதிகாரி ஆகியோர்மீதும் நடவடிக்கை வேண்டும் என்றது.

31 ஆண்டுகள்! அன்று தாயின் இடுப்பில் சிறைக்குப் போன குழந்தைக்கு இன்று குழந்தைகள் இருக்கும். இது நீதியா, நீதியின் எலும்புக்கூடா என்று கேட்கலாம். ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. 1992இல் எந்த வாச்சாத்தி பலவீனமோ, அதே வாச்சாத்திதான் 269 பேரைக் கூண்டில் ஏற்றியது. இடையிலே அவர்களின் ஜாதி மாறவில்லை, ஏழ்மை மாறவில்லை. நான்காவது கேள்விக்கான பதில் மட்டும் மாறியது. அவர்கள் பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள்.

அப்படி யாரும் போய்ச் சேராத இடத்தில் என்ன நடக்கும்? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றது அங்குள்ள செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. செத்தவர்களில் நம் மாவட்டத்துச் சித்தேரி மலை ஜனங்களும் உண்டு, திருவண்ணாமலை மாவட்டத்து ஜனங்களும் உண்டு. மறுபடியும் மரம், மறுபடியும் கூலி, மறுபடியும் "கடத்தல்காரன்" என்ற பட்டம். பெரிய வியாபாரி எங்கோ சுகமாக இருந்தான். மலையிலிருந்து கூலிக்கு இறங்கியவனின் உடல் வண்டியில் ஊர் வந்து சேர்ந்தது.

தலை நிமிர்ந்தால் நெருப்பு

"பாவம், அவர்கள் பலவீனமாக இருப்பதால் தாக்கப்படுகிறார்கள்" என்கிறாரே நம் பெரிய மனிதர், அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் கேளுங்கள்: பலவீனத்தை உதறி எழுந்தவர்கள்மீதுதான் அடி பலமாக விழுகிறது.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணி. விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது என்ன, ராஜ்யமா? கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார்கள். சங்கக் கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள் நிலப்பிரபுக்களின் ஆட்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலப்பிரபுக்களும் 1973இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! குனிந்து நின்றவரை எந்தக் குடிசையும் எரியவில்லை, நிமிர்ந்தபோதுதான் எரிந்தது.

2012 நவம்பர் 7. தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு கலப்பு மணத்தைச் சாக்காக வைத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி நெருப்பு வைத்தது ஒரு கும்பல். எரிந்தது வெறும் ஓலைக் குடிசைகளா? பெங்களூரிலும் திருப்பூரிலும் கோவையிலும் கல்லும் மண்ணும் சுமந்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள், பீரோ, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ், பெண்ணுக்கு வைத்திருந்த நகை ஆகியவை கொள்ளை போயின, சாம்பலாயின. பண்ணையார் வீட்டுக் கொட்டடியை விட்டு வெளியூர் போய்ச் சம்பாதித்துச் சுவர் வைத்த வீடு கட்டினார்களே, அதைப் பொறுக்க முடியாத நெருப்பு அது.

இங்கே நமக்குள்ளேயே ஒரு கசப்பான உண்மையைப் பேச வேண்டும். அன்றைக்குத் தீவட்டி பிடித்த கைகள் எல்லாம் ஜமீன்தார்களின் கைகளா? உழைத்துக் காய்ப்பேறிய கைகளும் அதிலே இருந்தன. தானும் பெங்களூருக்குக் கூலியாய்ப் போகிறவன், தானும் கந்துவட்டிக்காரனுக்குப் பயந்து சந்து வழியாக வீட்டுக்குப் போகிறவன், பக்கத்துக் காலனிக்காரன் வீட்டில் நெருப்பு வைத்தால் தன் மானம் உயரும் என்று நம்ப வைக்கப்பட்டான். அவனை நம்ப வைத்தவர்கள் யார்? மேடையேறி ஜாதிப் பெருமை பேசிய தலைவர்கள். தீ அணைந்த பிறகு அவர்கள் காரேறிப் போனார்கள். வழக்கும் வாய்தாவும் யாருக்கு மிஞ்சின? கூலிக்காரனுக்கு. அவனுடைய கூலி ஒரு ரூபாயாவது உயர்ந்ததா?

எல்லைக்கு அப்பால் ஒரு நியாயம், இப்பால் ஒரு நியாயமா?

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் வெடித்தது. அடிபட்டது யார்? தமிழ் முதலாளிகளா? குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் கூலிகள். ஆயிரமாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டி ஓடி வந்தார்கள். அன்று ஒசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆற்றுத் தண்ணீருக்காக நடந்த சண்டையில், கிணற்றுத் தண்ணீருக்கே வழியில்லாதவன் உதைபட்டான்.

2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசம் கொடுத்து நாடு முழுவதையும் பூட்டினார்கள். கூலி நின்றது. வண்டி நின்றது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைகளில் நடந்தான் தொழிலாளி. பிறமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள், அது எந்த அலமாரியில் உறங்கியதோ! வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை என்று பதில் சொன்னது மத்திய அரசு. அவன் கட்டிய மாடிகளுக்குக் கணக்கு உண்டு. அவன் சாவுக்குக் கணக்கு இல்லை.

சரி. இப்போது திருப்பிப் பாருங்கள். ஒசூரிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் பீகார்க்காரன் யார்? பெங்களூரில் நம் மாரண்டஹள்ளிக்காரன் யாரோ, அவன்தானே இவன்! தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுக்கிறான். காண்டிராக்டர் சொன்னதுதான் அவனுக்குக் கணக்கு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள் சிலர். உயிருக்குப் பயந்து ரயிலேறினார்கள் பலர். "வடக்கத்தியான் வந்து நம் வேலையைப் பிடுங்குகிறான்" என்று டீக்கடையில் பேசுகிற தோழரே, கொஞ்சம் நில்லும். குறைந்த கூலிக்கு அவனை இழுத்து வந்தவன் யார்? அதே முதலாளி. அவனைக் காட்டி உம் கூலியை வெட்டுகிறவன் யார்? அதே முதலாளி. பெங்களூரில் நம்மை அடித்தால் அநியாயம், ஒசூரில் அவனை அடித்தால் நியாயம் என்று எந்தத் தராசில் நிறுக்கிறீர்?

மில் வாசலுக்குள்ளே

மில் தொழிலாளர்களுக்குத் தெரிந்த ஒரு கதையும் உண்டு. மாங்கல்யத்தின் பெயரைச் சொல்லி, "சுமங்கலித் திட்டம்" என்று நூற்பாலைகளில் ஒரு ஏற்பாடு நடந்தது. வறண்ட மாவட்டங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை அழைத்துப் போவார்கள். மூன்று வருஷம் வேலை செய்தால் கடைசியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். வரதட்சிணையைச் சட்டம் 1961லேயே தடை செய்துவிட்டது. அதே வரதட்சிணையைத் தூண்டில் புழுவாக மாட்டி மில் முதலாளி ஆள் பிடித்தான்!

உள்ளே போனால் விடுதி, விடுதிக்கு வெளியே காவல்காரன். வீட்டாரோடு பேச நேரம் குறிப்பு. கடைத்தெருவுக்குப் போனால் கூடவே ஒரு ஆள். சங்கம் என்ற சொல்லே அங்கே நுழைய முடியாது. உடம்பு முடியாமல் இடையில் வெளியேறினால் மொத்தப் பணம் போச்சு. பெண்ணாகப் பிறந்தது, ஏழை வீட்டில் பிறந்தது, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தது, சங்கம் இல்லாதது என்று நான்கு விலங்குகள் ஒரே கையில். "எளிதில் பாதிக்கப்படும் பிரிவினர்" ஜாபிதாவில் அவளைப் பெண் என்ற இடத்தில் எழுதுவதா, குழந்தை என்ற இடத்தில் எழுதுவதா, தாழ்த்தப்பட்டோர் என்ற இடத்தில் எழுதுவதா? எழுதுகிறவர்கள் குழம்பட்டும். அவளை வேலைக்குப் பிடித்தவனுக்குக் குழப்பமே இல்லை. நான்கு கேள்விக்கும் "இல்லை" என்று பதில் சொல்கிறவளைத் தேடித்தான் அவன் ஊர் ஊராகத் தரகன் அனுப்பினான்.

இங்கே நிரந்தரத் தொழிலாளித் தோழர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மில்லுக்குள் நமக்குச் சங்கம் இருந்தது, போனஸ் பேச்சுவார்த்தை இருந்தது. அடுத்த ஷெட்டில் அந்தப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம் நின்றபோது நாம் எட்டிப் பார்த்தோமா?

"சட்டம் இருக்கிறதே!"

"இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, கமிஷன் இருக்கிறது, ஏன் கூச்சல்?" என்பார்கள். இருக்கிறது. நாம் அதை மறுக்கவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. "எங்கள் மாநிலத்தில் கொத்தடிமை எங்கே?" என்று ஆட்சியாளர்கள் கைவிரித்துக்கொண்டே இருந்தார்கள். 1995இல் உச்சநீதிமன்றம் நியமித்த குழு போய்ப் பார்த்தபோது தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை வந்தது. சட்டம் வந்து 19 வருஷத்துக்குப் பிறகு!

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி மனித உரிமைக் கமிஷன் அமைந்தது. நல்லது. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் கமிஷன் விசாரிக்க முடியாது என்கிறது அதே சட்டம். மலையிலே ஒளிந்து கிடந்தவனுக்குக் காலண்டர் தெரியுமா? விசாரித்தாலும் கமிஷன் சிபாரிசுதான் செய்யலாம், தண்டனை கொடுக்க முடியாது. வீரப்பனைப் பிடிக்கிறோம் என்று தமிழக, கர்நாடக அதிரடிப் படைகள் எல்லைக் காடுகளில் ஆடிய ஆட்டத்தை விசாரிக்க 1999இல் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது கமிஷன். மின்சாரம் பாய்ச்சினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள் என்ற சாட்சியங்கள் குவிந்தன. 2007இல்தான் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்கள். வீரப்பன் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். அந்த 89 பேரின் பெயர் யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. 1871இல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. பிறந்த குழந்தையையே திருடன் என்று முத்திரை குத்தும் சட்டம். 1952இல் அதை ஒழித்தார்கள். ஏட்டில் ஒழிந்தது, போலீஸ் நிலையத்தின் மனதில் ஒழிந்ததா? 1993இல் முதனை கிராமத்துக் குறவர் இனத் தொழிலாளி ஒருவரைத் திருட்டு வழக்கென்று கம்மாபுரம் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். அடித்தே கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். 2021இல் "ஜெய் பீம்" படமாக நாடு பார்த்தது அந்தக் கதையைத்தான். அங்கேயும் அந்த மனைவி ஒருத்தியாக நின்றிருந்தால் கோப்பு மூடப்பட்டிருக்கும். கிராமத்துத் தோழர்கள் சேர்ந்து நின்றார்கள், வக்கீல் கிடைத்தார், போலீசார் தண்டிக்கப்பட்டார்கள்.

சட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, தோழர்களே. ஒவ்வொரு சட்டமும் யாரோ சிந்திய ரத்தத்தில் எழுதப்பட்டது. ஆனால் சட்டம் பாரவண்டி மாதிரி. தானாக மேடு ஏறாது. தள்ளுகிற கைகள் வேண்டும்.

நம் ஊரிலிருந்து தொடங்குவோம்

எனவே மாரண்டஹள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள உழைப்பாளிகள் தாங்களே ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். நம் தெருவில் பட்டா இல்லாத வீடு எது? ஜாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பிள்ளையின் படிப்பு நின்ற மலைவாழ் குடும்பம் எது? ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுக்கும் தோட்டம் எது? முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கல் குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் ஏற்றிப் போன தரகன் யார்? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதற்குக் காரணமானவனின் பெயரையும் எழுதுங்கள். அதுதான் முழுமையான ஜாபிதா.

யாராவது அடிபட்டால் அவனைத் தனியே போலீஸ் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். பத்துப் பேர் கூடப் போங்கள். புகாரைப் பதிவு செய்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுத மறுத்தால் தபாலில் போலீஸ் சூப்பிரண்டுக்கு அனுப்பலாம். அங்கும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தாழ்த்தப்பட்டவரோ மலைவாழ் மக்களோ கொடுத்த புகாரை வேண்டுமென்றே அலட்சியம் செய்யும் அதிகாரிக்கே தண்டனை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. அடுத்த முறை ஜாதியின் பெயரால் எவனாவது கையில் தீவட்டியைத் திணிக்க வந்தால், மொழியின் பெயரால் பக்கத்துக் கொட்டகைத் தொழிலாளியை அடிக்கக் கூப்பிட்டால், "உன் தோட்டத்தில் கூலி எவ்வளவு? உன் கம்பெனியில் கூலி எவ்வளவு? அதை முதலில் சொல்!" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது.

வாச்சாத்திப் பெண்கள் பள்ளிக்கூடம் போய்ச் சட்டம் படித்தவர்கள் அல்ல. பணம் இல்லை, பதவி இல்லை. 31 ஆண்டுகள் மலையடிவாரத்திலிருந்து கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக இறங்கி வந்தார்கள். எதிரே 269 உத்தியோகஸ்தர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு சர்க்கார். கடைசியில் தலை குனிந்து நின்றது யார்?

அடுத்த டிசம்பர் 10 அன்று பெரிய மனிதர் ஜாபிதாவைப் படிக்கும்போது, கூட்டத்தின் நடுவிலிருந்து மாரண்டஹள்ளித் தக்காளித் தோட்டத்துக் கூலிப் பெண் ஒருத்தி எழுந்து நின்று கேட்கட்டும்:

"ஐயா, அடிபட்டவர் பெயரையெல்லாம் படித்துவிட்டீர்கள். அடித்தவர் பெயரை எப்போது படிப்பீர்கள்?"